நிக்கல் அடுப்பு எரியுமா?

சுசீந்திரம் கோவிலில் முன்காலத்தில் ஒரு கடும் சோதனை நடந்தது. குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, கொதிக்கும் நெய்யில் கையை விடவேண்டும். கை வேகாவிட்டால் நிரபராதி!

விஞ்ஞானத்திலும் இப்படி ஒரு வழக்கு உண்டு. நிக்கல் தூளில் ஹைட்ரஜன் வாயுவை ஏற்றிச் சூடாக்கினால், கொடுத்ததைவிட அதிக வெப்பம் வரும் என்கிறார்கள் சிலர். இரண்டும் சேர்ந்து செம்பு ஆகிறதாம்! இதற்குக் 'குளிர் அணுச்சேர்க்கை' என்று பெயர். மெய்யானால் விறகுக் கவலையும் மின்கட்டணக் கவலையும் தீரும்.

ஆனால் அணுக்கருக்கள் ஒன்றையொன்று தள்ளும். சேர்ந்தால் கதிர்வீச்சும் கிளம்பவேண்டுமே!

2011-ல் சென்னையில் இதற்காக உலக மாநாடு கூடியது. பிறகு கூகுள் நிறுவனத்தின் பணத்தில் சுமார் 30 விஞ்ஞானிகள் சோதித்தார்கள். ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2019-ல் அறிவித்தார்கள்.

கை வெந்ததா என்று பார்த்த காலம் போயிற்று. இன்று வெப்பமானியே சாட்சி!