சிறு மரமும் அறுப்புக் கூலியும்

நிலம்பூர்த் தேக்கின் பெயரைக் கேளாதார் சிலரே. மலபார் சென்னை மாகாணத்தோடு இருந்த நாளில், 1840-களில், கலெக்டர் கனோலியின் முயற்சியாலும் சாத்து மேனோனின் உழைப்பாலும் உருவான தோட்டம் அது. அன்று நட்டவற்றுள் இன்றும் ஓங்கி நிற்கும் மரங்களைக் காணப் பலர் போகின்றனர். அத்தகைய மரம் ஓங்குவதற்காக இடையிலே வெட்டப்படும் மெலிந்த மரங்கள் என்னவாகின்றன என்று கேட்பார்தாம் இல்லை.

தேக்குத் தோட்டத்தில் இரண்டு மீட்டருக்கு ஒன்றாக, ஹெக்டேருக்கு 2,500 கன்றுகள் நடுவது வழக்கம். அறுவடை வரை நிற்பவை அவற்றுள் ஒரு சிறு பகுதியே. மற்றவற்றை அவ்வப்போது கலைத்துவிட வேண்டும். கலைக்காவிடில் எல்லாம் நெடுங்கொம்பாய் நின்று எதுவும் பருக்காது. ஆகவே சிறு மரம் வந்தே தீரும்.

“அறுத்துப் பலகையாக்கலாமே, மரந்தான் மலிவாயிற்றே!” என்பார் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 செ.மீ. விட்டமுள்ள ஒரு கட்டைக்கு ஈடாக, அதே நீளத்தில் 10 செ.மீ. கட்டைகள் 16 வேண்டும். தூக்கி, வாளுக்கு முன் வைத்து, திருப்பி அறுக்கும் வேலை பதினாறு முறை நடக்கும். சிறு கட்டையைத் தூக்குவது எளிதுதான். ஆனால் பதினாறு மடங்கு எளிதன்று. மரம் மலிவு, கூலி மலிவன்று.

வாளும் தன் பங்கைக் கேட்கும். 10 செ.மீ. உருளைக்குள் அடங்கும் சதுரத்தின் பக்கம் 7 செ.மீ. அதில் 2 செ.மீ. பலகை மூன்று எடுத்தால், கட்டையில் ஏறக்குறைய பாதியே பலகையாகும். ஒவ்வோர் அறுப்பிலும் 5 மி.மீ. தின்னும் வட்டவாளுக்கு அந்த 7 செ.மீ. மிச்சமின்றித் தீர்ந்துவிடும், கட்டை சற்றே வளைந்திருந்தால் மூன்றாம் பலகை போயிற்று! மெல்லிய நாடாவாளானால் அரை செ.மீ. மிஞ்சும். இரு பக்கத்தையும் ஒரே ஓட்டத்தில் அறுக்கும் இரட்டை வாளோ கூலியையும் குறைக்கும். ஆனால் அப்பொறிகளுக்குப் போட்ட முதல் திரும்ப வேண்டுமானால் ஆண்டு முழுவதும் கட்டை வரவேண்டும். ஓரிடத்தில் கலைத்தால் மறுமுறை கலைக்கச் சில ஆண்டுகள் ஆகுமே! பல தோட்டங்கள் சேர்ந்து ஓர் ஆலையை ஊட்டினாலன்றி இது கட்டாது.

இத்தனைக்கும் பிறகு கிடைப்பது வைரம் பாயாத பலகை. இளந்தேக்கில் வெளிறே மிகுதி. அதைச் செல் விடுமா? ஆதலால் நேரான கழிகளை அறுக்காமலே சாரத்துக்கும் வேலிக்கும் விற்பது மேல் என்பேன். கோணலானவற்றைக் குறுந்துண்டுகளாக்கிப் பெட்டிக்கும் நாற்காலிக் காலுக்கும் அறுக்கலாம்.

மேலும், கலைப்பின் இலாபத்தை வெட்டிய மரத்தில் தேடுவதே பிசகு. அது நிற்கும் மரத்தில் இருக்கிறது. வெட்டுக்கூலியும் வண்டிச் சத்தமும் தேறினாலே போதும். விலை ஏறட்டும் என்று ஐந்தாண்டு கலைக்காமல் விட்டால், நெருக்கத்தில் இழந்த அந்தப் பருமனை நிற்கும் மரங்கள் பின்னர் எளிதில் ஈடுசெய்வதில்லை.