பஞ்ச காலத்தில் எழுந்த பொன்னிற மாளிகை

மாலை வெயில் சாயும் வேளையில் உமைத் பவன் அரண்மனையின் முற்றத்தில் அமர்ந்தால், தொலைவில் மேஹ்ரான்கர் கோட்டையும் அதன் அடிவாரத்து நீல வண்ண வீடுகளும் மெல்ல மங்குவதைக் காணலாம். புல்வெளியில் மயில்கள் உலவும். ராஜஸ்தானின் ஜோத்பூரில், இன்று சொகுசு விடுதியாகத் திகழும் இம்மாளிகையின் கதை, பசியில் தொடங்குகிறது.

1920களில் மார்வாரில் மழை பொய்த்துப் பஞ்சம் சூழ்ந்தது. வாடிய குடிகளுக்கு வேலையும் கூலியும் கிடைக்கும்பொருட்டு, மகாராஜா உமைத் சிங் புதிய அரண்மனை ஒன்றை எழுப்ப முனைந்தார். 1929ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டது. 2,000 முதல் 3,000 பேர் வரை பணியாற்றினர். வேலை தருவதே நோக்கமாகையால் கட்டுமானம் நிதானமாகவே நடந்து, 1943இல் நிறைவுற்றது.

ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஹென்றி வான் லான்செஸ்டர் வடிவமைத்த இம்மாளிகையில் 347 அறைகள் உள்ளன. உள்ளூர் மணற்கல்லைச் செதுக்கி, சுண்ணச் சாந்து இன்றி ஒன்றோடொன்று பொருத்தி எழுப்பிய சுவர்கள் இவை. நடுவே உயர்ந்த குவிமாடத்தின் கீழ் நிற்பவர் தம் குரலைத் தாமே தாழ்த்திக்கொள்வர். அரியணை மண்டபத்தில், போரினால் தாயகம் விட்டு வந்த போலந்து ஓவியர் ஸ்டெஃபான் நோர்பிளின் தீட்டிய ராமாயணக் காட்சிகளைக் காணலாம். நிலத்தடியில் உள்ள நீச்சல் குளத்தை ராசிச் சின்னங்கள் அழகுசெய்கின்றன.

உமைத் சிங் இங்கு நெடுநாள் வாழவில்லை, 1947இல் மறைந்தார். சமஸ்தானங்கள் இந்தியாவுடன் இணைந்தன. 1971இல் மன்னர் மானியமும் நிறுத்தப்பட்டது. வருவாய் இன்றி இத்தனை பெரிய மாளிகையைப் பேணுவது எவ்வாறு? நாட்டின் அரண்மனைகள் பலவும் எதிர்கொண்ட வினா இது. ஜெய்ப்பூரின் ராம்பாக், உதய்பூரின் ஏரி அரண்மனை ஆகியவை அதற்கு முன்பே விடுதிகளாகியிருந்தன. 1970களில் உமைத் பவனும் அவ்வழியில் சென்றது. இன்று ஒரு பகுதியில் அரச குடும்பம் வசிக்கிறது. ஒரு பகுதி அருங்காட்சியகம். எஞ்சிய பகுதி, 2005 முதல் தாஜ் குழுமம் நடத்தும் விடுதி.

இங்கு ஓர் இரவு தங்குவதற்குப் பெருந்தொகை ஆகும் என்பதை மறைப்பதற்கில்லை. மணிவிழா, திருமண நாள் போன்ற தருணத்திற்காக முன்கூட்டியே சேமித்துத் திட்டமிடுவோர், அக்டோபர் முதல் மார்ச் வரையிலான இதமான பருவத்தைத் தேர்ந்தெடுக்கலாம். தங்க இயலாதோர் மனம் தளர வேண்டியதில்லை. நகரில் எளிய விடுதியொன்றில் தங்கி, நுழைவுச்சீட்டுப் பெற்று அருங்காட்சியகத்தைக் கண்டு வரலாம். அரச குடும்பத்தின் கடிகாரங்களும் பழங்கால மோட்டார் வண்டிகளும் அங்குக் காட்சிக்கு உள்ளன.

எவ்வழியில் சென்றாலும், சுவரருகே சற்று நின்று கற்களின் இணைப்பைக் கையால் தடவிப் பாருங்கள். கூர்ந்து நோக்கினாலன்றிப் புலப்படாத அந்த மெல்லிய கோடுகள், பஞ்ச காலத்தில் கூலிக்கு உழைத்தவர்களின் கைவண்ணம். இன்று சமையலர், தோட்டக்காரர், வழிகாட்டி எனப் பலருக்கு அதே மாளிகை ஊதியம் அளிக்கிறது. எழுப்பிய நோக்கத்தை அது இன்னும் மறக்கவில்லை.