கடல்மாசின் ஊற்றுக்கண்: திருகோணமலையை முன்னிறுத்திச் சில குறிப்புகள்

கரையோர நீர் மலக்கிருமிகளால் மாசுறும்போது, பழி பெரும்பாலும் கரையோரக் குடிசைவாசிகள் மீதே சுமத்தப்படுகிறது. மலசலகூட வசதி கிட்டாதவரையே அவ்வசதியின்மைக்குப் பொறுப்பாளராக்கும் இந்நோக்கு, காரணத்தையும் விளைவையும் தலைகீழாக்குவதாகும். ஆகவே, மாசின் மூலத்தைக் கண்டறிதல் ஆய்வுகூட வினா மட்டுமன்று. சமூக நீதி பற்றிய வினாவுமாகும்.

1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாயிருந்த திருகோணமலையை நோக்குவோம். நகர வடிகால்கள், மலக்குழிக் கசிவு, நங்கூரமிட்ட கலங்கள், கரையோர விடுதிகள், கொட்டியாரக் குடாவிற் கலக்கும் மகாவலி என மாசு வரக்கூடிய வழிகள் பல. இவற்றோடு கால்நடைகளும், பிரெட்றிக் கோட்டையிலும் தெருக்களிலும் உலவும் புள்ளிமான்களும் உள்ளன.

தியோடோர் எஷரிக் 1885இல் விவரித்த எஷரிக்கியா கோலை என்னும் பற்றீரியா, மனிதரின் குடலிலும் விலங்குகளின் குடலிலும் வாழ்வது. அதன் எண்ணிக்கை மாசு உண்டென உணர்த்தும், யாருடையதென உணர்த்தாது. உவர்நீரிலும் வெயிலிலும் அது விரைந்து மடிவதால், உலக சுகாதார நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு வழிகாட்டி, கடல்நீருக்குக் குடல் எந்தரோகொக்கசுக்களை அளவுகோலாகக் கொண்டது. அவையும் விலங்குகளுக்குப் பொதுவானவையே.

இவ்விடர்ப்பாட்டிலிருந்து எழுந்ததே நுண்ணுயிர்வழி மூலங்காணும் முறை. பற்றரொயிட்டீசு வகைப் பற்றீரியாக்களிற் சில, தாம் வாழும் உயிரினத்திற்கேற்பத் தனித்தன்மை பெற்றவை. மனிதக் குடலுக்குரியவற்றை எச்.எப்.183 என்னும் மரபணுக் குறிகாட்டி இனங்காட்டுகிறது. நீரிற் காணப்படும் கபேயினும் துணைச்சான்றாகலாம். மான்கள் தேநீர் அருந்துவதில்லையன்றோ!

எனினும், மரபணு மனிதரை இனங்காட்டுமேயன்றி விடுதியையும் குடிசையையும் வேறுபடுத்தாது. வடிகாலின் வாயிலிருந்து மேல்நோக்கி நடந்து, கிளைதோறும் மாதிரி எடுத்தல் வேண்டும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தையும் வறண்ட மாதங்களையும் ஒப்பிடுதலும் வேண்டும். மழையோடு உயர்வது பெரும்பாலும் நிலத்திலிருந்து அடித்துவரப்படுவது. வறட்சியிலும் குறையாதது இடையறாது ஒழுகும் ஊற்றொன்றைச் சுட்டுவது.

1854இல் இலண்டனில் வாந்திபேதி பரவியபோது, தீய காற்றே காரணமெனப் பலர் நம்பினர். ஜோன் ஸ்னோ மரணங்களை வீடுவீடாகக் குறித்து, புரோட் வீதி நீரிறைகுழாயைச் சுட்டினார். காற்றின்மீது பழி கூறியவரை எவரும் பொறுப்பேற்க நேராது. குழாயைச் சுட்டியதும் அதனைப் பராமரிப்போர் பதிலிறுக்க வேண்டியதாயிற்று.

திருகோணமலைக்கும் இதுவே பொருந்தும். கரைவலை இழுப்போர் அந்நீரிலேயே நாள்தோறும் நிற்பவர்கள். மாசினால் முதலிற் பாதிக்கப்படும் அவர்களையே குற்றவாளிகளாக்குமுன், ஊற்றுக்கண்ணைத் தேடுவதே அறிவியல், அறமும் அதுவே.