வாளும் வாரிசும் – 11: ஐந்நூறு கொகு ஆசான், ஆறு லட்சம் கொகு சீடர்

காமிஇசுமி நொபுத்சுனாவிடமிருந்து யாக்யூ செகிஷூசாய்க்கு ஷின்காகே வாள்மரபு வந்து சேர்ந்ததையும், 1594-இல் செகிஷூசாய் வாள் இல்லாமலே தொகுகாவா இயேயாசு முன்னால் நின்று காட்டியதையும் பார்த்தாயிற்று. திரும்பச் சொல்லப்போவதில்லை. இந்த வாரம் செகிஷூசாயின் பேரன் யாக்யூ ஜூபேயின் முறை. அவரிடம் போவதற்கு முன் ஷின்காகே மரபின் ஓவாரி கிளைத் தலைவர் பட்டியலை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்தேன். நான்காவது பெயரைத் தாண்ட முடியவில்லை.

கிளை பிரிந்த விதத்தை மட்டும் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். செகிஷூசாயின் ஐந்தாவது மகன் முனேநோரி எடோவுக்குப் போனார். ஷோகன்களுக்கு வாள் கற்பித்தார், 12,500 கொகு வருமானமுள்ள பிரபுவாகவே உயர்ந்தார். (ஒரு கொகு என்பது ஒரு ஆளுக்கு ஓர் ஆண்டுக்குப் போதும் என்று கணக்கிடப்பட்ட அரிசி. அந்தக் காலத்து ஜப்பானில் மனிதர்களின் அந்தஸ்தை அரிசியால்தான் அளந்தார்கள்.) ஆனால் மரபின் சுருள்களையும் சான்றையும் கிழவர் முனேநோரியிடம் கொடுக்கவில்லை. போரில் குண்டடிபட்டு முடங்கிப்போன மூத்த மகனின் பிள்ளை தோஷியோஷியைத் தன் கையாலேயே பழக்கி, 1606-இல் கண்மூடுவதற்கு முன் அவரிடம் ஒப்படைத்துவிட்டார். தோஷியோஷி கொஞ்ச காலம் குமாமோத்தோவில் காத்தோ கியோமாசாவிடம் வேலை பார்த்தார், அங்கே நிலைக்கவில்லை. 1615-இல் நகோயாவுக்கு வந்து ஓவாரி பிரபுவின் வாளாசான் ஆனார். சம்பளம் 500 கொகு.

அந்தப் பிரபு தொகுகாவா யோஷினாவோ, இயேயாசுவின் ஒன்பதாவது மகன். ஆசான் வந்தபோது பதின்வயதுப் பையன். அவருடைய ஓவாரி நாட்டின் மதிப்பு 6,19,500 கொகு.

இப்போது பட்டியலைப் பாருங்கள். முதலாமவர் காமிஇசுமி. இரண்டாமவர் செகிஷூசாய். மூன்றாமவர் தோஷியோஷி. நான்காமவர் தொகுகாவா யோஷினாவோ!

புரவலர் என்றோ கௌரவத் தலைவர் என்றோ ஓரத்தில் எழுதப்பட்ட பெயர் இல்லை இது. ஆசானுக்கும் ஆசானுக்கும் நடுவில், மரபைத் தாங்கிய ஒரு தலைமுறையாக எண் கொடுத்து எழுதியிருக்கிறார்கள். தோஷியோஷி தன் வாழ்நாள் வாள் சிந்தனையையெல்லாம் திரட்டி 1620-இல் ஒரு நூலாக எழுதி, அதை இந்தச் சீடரிடம்தான் கொடுத்தார். கனமான கவசத்தோடு குனிந்து சண்டையிட்ட போர்க்களத்து முறையை, நிமிர்ந்து நின்று இயல்பாக நகரும் முறையாக அவர் மாற்றியதன் சாரம் அதில் இருக்கிறது. தொழிலின் உயிரையே எழுதி ஒருவர் கையில் கொடுப்பது சம்பளத்துக்காகச் செய்கிற காரியம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஐந்தாமவர் தோஷியோஷியின் மூன்றாவது மகன் ரென்யா. ஆக, பட்டியல்படி ரென்யா மரபைப் பெற்றது அப்பாவிடமிருந்து அல்ல, பிரபுவிடமிருந்து. ஆறாமவர் மறுபடியும் தொகுகாவா, யோஷினாவோவின் மகன் மித்சுதோமோ. ஏழாமவர் மித்சுதோமோவின் மகன் சுனனாரி. எட்டாவதில் மரபு யாக்யூ வீட்டுக்குத் திரும்புகிறது. ஒன்பதில் மீண்டும் அரண்மனைக்குப் போகிறது.

ஆண்டுகளை அருகருகே எழுதிப் பார்த்தபோது நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். ஆசான் தோஷியோஷி இறந்தது 1650. அவருடைய சீடரான பிரபு யோஷினாவோ இறந்ததும் அதே 1650. ஆசானின் மகன் ரென்யா பிறந்தது 1625. பிரபுவின் மகன் மித்சுதோமோ பிறந்ததும் அதே 1625. ஒரே ஆண்டில் இரண்டு தகப்பன்மார் போய்விட, இருபத்தைந்து வயதில் இரண்டு இளைஞர்கள் மிஞ்சுகிறார்கள். ஒருவருக்கு ஒரு நாடு, இன்னொருவருக்கு ஒரு வாள்மரபு. பிறகு அந்த வாள்மரபும் ரென்யாவிடமிருந்து மித்சுதோமோவுக்குப் போகிறது. கற்பனைக் கதையில் எழுதியிருந்தால் நம்பமாட்டோம்.

ரென்யாவின் தாய்வழியையும் சொல்லியாக வேண்டும். அவருடைய அம்மா, ஷிமா சாகோனின் மகள். 1600-இல் செகிகஹாரா போரில் இயேயாசுவை எதிர்த்த இஷிதா மித்சுனாரியின் வலக்கையாக நின்றவர் சாகோன். இயேயாசுவின் எதிரியின் பேரன், இயேயாசுவின் பேரனுக்கு வாள் ஆசான்! யாருடைய ரத்தம் என்று அந்தப் பயிற்சிக் களத்தில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 1651-இல் ஷோகன் இயேமித்சுவே ரென்யாவையும் அண்ணன் தோஷிகாத்தாவையும் எடோவுக்கு அழைத்து, தன் முன்னால் வித்தை காட்டச் சொல்லிப் பார்த்தார்.

தோஷிகாத்தா என்றதும் இன்னொன்று. மூத்தவர் கியோயோஷி 1638-இல் ஷிமபாராக் கலவரப் போரில் இறந்துபோனார். குடும்பத் தலைமை இரண்டாமவரான தோஷிகாத்தாவுக்கு வந்தது, வாள்மரபோ மூன்றாமவரான ரென்யாவுக்கு. வீடு ஒரு பிள்ளைக்கு, வித்தை ஒரு பிள்ளைக்கு. குடும்பத்தின் வம்சாவளியை வைத்துக்கொண்டு மரபின் வரிசையைத் தேடுகிறவர்கள் வழி தவறுவது இங்கேதான். ரென்யா மணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளை இல்லை. எட்டாம் தலைவராக வந்தவர் அண்ணன் தோஷிகாத்தாவின் மகன். சித்தப்பாவுக்கும் அண்ணன் மகனுக்கும் இடையில் இரண்டு பிரபுக்கள் மரபைக் காத்து வைத்திருந்திருக்கிறார்கள்.

பிரபுவின் பெயரைப் பட்டியலில் சேர்த்தது வெறும் முகஸ்துதிதானே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் முகஸ்துதி என்றால் ஓவாரியை ஆண்ட எல்லாப் பிரபுக்களின் பெயரும் வரிசையாக இருந்திருக்க வேண்டும். இல்லையே! ஒன்பதாம் தலைவரான யோஷிமிச்சி ஓவாரியின் நான்காம் பிரபு. அவருக்கு அடுத்து வந்த ஐந்தாம், ஆறாம், ஏழாம் பிரபுக்கள் மூவருமே பட்டியலில் இல்லை. ஏழாமவர் முனேஹாரு சாதாரண ஆள் அல்ல. சிக்கனத்தைச் சட்டமாக்கிய ஷோகன் யோஷிமுனேவுக்கு நேர் எதிராக, நகோயாவில் நாடகக் கொட்டகைகளையும் திருவிழாக்களையும் தாராளமாக நடக்கவிட்டவர். அப்படிப்பட்டவரின் பெயரையே விட்டுவிட்டு, பத்தாவதாகவும் பதினொன்றாவதாகவும் யாக்யூ வீட்டார் இருவரை எழுதியிருக்கிறார்கள். அரியணை ஏறியதற்காக மட்டும் யாருக்கும் அதில் இடம் கிடைக்கவில்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

இதில் ஒரு நடைமுறை அறிவும் இருக்கிறது. ஆசான் வீட்டில் வாரிசு சிறுவனாக இருக்கலாம், நோயாளியாக இருக்கலாம், வாரிசே இல்லாமலும் போகலாம். முழுதும் கற்றவர் ஒருவர் அரண்மனையில் இருந்தால் இடைவெளி விழாது. எடோ கிளையில் இந்த ஏற்பாடு கிடையாது. அங்கே மரபு யாக்யூ வீட்டுக்குள்ளேயே கைமாறியது. முனேநோரி 1646-இல் இறந்தார். மூத்த மகன் ஜூபேயும் 1650-இலேயே போய்விட்டார். ஆம், அதே 1650தான்! பிறகு அங்கே என்ன ஆயிற்று என்பதை இங்கே இரண்டு வரியில் அடைத்தால் ஜூபேக்குச் செய்கிற அநியாயம். முழு அத்தியாயமாக அடுத்த வாரம்.