உருகி ஓடும் நார்தான் தூணைக் காக்கும், தெரியுமா?

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் எங்கே நின்று அண்ணாந்தாலும் தெரிகிற கொம்தார், திறப்பு விழாவுக்கு முன்பே தீயைப் பார்த்துவிட்ட கட்டடம், தெரியுமா? 1983 ஜனவரியில், வேலை நடந்துகொண்டிருந்தபோதே மேல்மாடிகளில் தீ! அதன் பிறகும் 65 மாடி எழுந்து நின்றது. கான்கிரீட் எரியாதே என்பீர்கள். எரியாதுதான், ஆனால் வெந்து போகும்!

300 டிகிரி வாக்கில் பல கான்கிரீட்டுகள் இளஞ்சிவப்பாக மாறும். சூடு எவ்வளவு ஆழம் இறங்கியது என்று பொறியாளர்கள் கண்டுபிடிப்பது அந்தச் சிவப்பை வைத்துத்தான்! 573 டிகிரியில் ஜல்லியிலும் மணலிலும் உள்ள குவார்ட்ஸ் சட்டென்று உப்பும். 600-ஐ நெருங்கினால் உள்ளே இருக்கும் கம்பிக்கே பாதி பலம்தான் மிஞ்சும்.

இன்னொரு வேடிக்கை: கான்கிரீட் எவ்வளவு நெருக்கமோ, எவ்வளவு உறுதியோ, தீயில் அவ்வளவு ஆபத்து! உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல், விசில் அடைத்த குக்கர்போல வெடிக்கும். 1996 நவம்பர் 18 அன்று இங்கிலாந்து-பிரான்ஸ் கால்வாய்ச் சுரங்கத்தில் ரயில் தீப்பிடித்தபோது, சுவர் சில இடங்களில் சில சென்டிமீட்டர் மட்டும் மிஞ்சும்படி உதிர்ந்தது.

மருந்து என்ன தெரியுமா? பிளாஸ்டிக்! ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 2 கிலோ பாலிபுரோப்பிலீன் நார், முடியைவிட மெல்லியது. ஐரோப்பிய விதிநூலே பரிந்துரைக்கும் அளவு இது. 165 டிகிரி வாக்கில் நார் உருகிவிடும். அது இருந்த இடமெல்லாம் ஊசித் துளைகள். ஆவி அதன் வழியே தப்பும். தீயில் அந்த நார் துளி பாரமும் தாங்குவதில்லை. காணாமல் போவதுதான் அதன் வேலை! விரிசலைப் பிடித்து நிறுத்த வேண்டுமானால் எஃகு நார் வேண்டும். இரண்டையும் கலந்து போடுவதே கெட்டிக்காரத்தனம்.

நம்ம ஊர்ச் சங்கதிக்கு வருவோம். பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் செம்பனை நார், தேங்காய் நார் எல்லாம் நுரைக் கான்கிரீட்டில் கலந்து சோதித்திருக்கிறார்கள். தாவர நார் 200, 300 டிகிரியிலேயே கருகத் தொடங்கும். அதற்குமேல் அதனிடம் இழுவலிமையை எதிர்பார்க்கக் கூடாது.

தீ அணைந்ததும் ஆபத்து முடிந்ததா? இல்லவே இல்லை! 400, 500 டிகிரியில் சிமெண்டுப் பசையின் ஒரு பகுதி சுட்ட சுண்ணாம்பாகியிருக்கும். பினாங்கின் ஈரக்காற்றும் தீயணைப்புத் தண்ணீரும் பட்டதும் அது மீண்டும் நீறிப் பருத்து உள்ளிருந்தே விரிசல் விடும். தீ அணைந்த அன்று அளந்த பலம், சில வாரம் கழித்து அளந்தால் இன்னும் குறைந்திருக்கும்!