வயிற்றைக் கிழிக்காமலே புது பாதை! வாய் வழியாக நடக்கும் சிகிச்சை

காலையில் சாப்பிட்ட இட்லி ராத்திரி வாந்தியில் அப்படியே வந்து விழுகிறதா? நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு கல்லு மாதிரி ஆகிவிடுகிறதா? கேஸ் தொல்லைதான் என்று சோடாவைக் குடித்துவிட்டு சும்மா இருந்துவிடக் கூடாது. இரைப்பையின் வாசல் அடைத்துக்கொண்டிருக்கலாம் என்கிறார்கள் டாக்டர்கள்.

இரைப்பையின் அடிப்பக்கத்தில் 'பைலோரஸ்' என்று ஒரு குட்டி வாசல் இருக்கிறது. அரைபட்ட சாப்பாடு இதன் வழியாகத்தான் சிறுகுடலுக்கு இறங்க வேண்டும். பல வருஷம் கவனிக்காமல் விட்ட அல்சர் தழும்பாகி இந்த வாசலை சுருக்கிவிடும். இரைப்பையிலோ கணையத்திலோ புற்றுநோய் வந்தாலும் அடைக்கும். குடல் காசநோயும் காரணமாகலாம். பாத்ரூம் கழுவும் ஆசிட்டைக் குடித்து உயிர் பிழைத்தவர்களுக்கு சில வாரம் கழித்து இந்த அடைப்பு வருவதும் உண்டு.

உள்ளே போனது இறங்காது, வெளியேதான் வரும். வாந்தியில் மஞ்சள் பித்தம் இருக்காது, பழைய சாப்பாடுதான் இருக்கும். உடம்பை அசைத்தால் வயிற்றில் தண்ணீர் குலுங்கும் சத்தம்கூட கேட்கும். பசி இருந்தும் சாப்பிட முடியாமல் ஆள் துரும்பாகிவிடுவார்.

நெய்யூர் டாக்டர்

முன்பெல்லாம் இதற்கு வயிற்றைத் திறந்தே ஆக வேண்டும். 1881-ல் வியன்னாவில் ஆன்டன் வோல்ஃப்லர் என்ற டாக்டர், அடைபட்ட வாசலை அப்படியே விட்டுவிட்டு இரைப்பையோடு சிறுகுடலை நேராக இணைத்துத் தைத்தார். நம்ம குமரி மாவட்டம் நெய்யூர் ஆஸ்பத்திரியில் அல்சர் நோயாளிகளுக்கு இதே ஆபரேஷனை செய்து பேர் வாங்கியவர் டாக்டர் சாமர்வெல். 1922, 1924-ம் ஆண்டுகளில் எவரெஸ்ட் ஏறப் போன அதே சாமர்வெல்தான்!

அதே இணைப்பைத்தான் இப்போது கத்தி இல்லாமல் செய்கிறார்கள்.

நீல தண்ணீர் ரகசியம்

மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாக எண்டோஸ்கோப்பி குழாயை விடுகிறார்கள். அடைப்பைத் தாண்டி ஒரு மெல்லிய குழாயை நுழைத்து, நீல நிறம் கலந்த உப்புத் தண்ணீரை சிறுகுடலில் நிரப்புகிறார்கள். குடல் உப்பிக்கொள்கிறது. குழாயின் நுனியில் உள்ள ஸ்கேன் கருவி, இரைப்பை சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் குடலைக் காட்டிக்கொடுக்கிறது. மின்சாரத்தில் சூடாகும் முனையால் துளை போட்டு, இரண்டு பக்கமும் விளிம்பு வைத்த உலோக வளையத்தைப் பொருத்துகிறார்கள். சட்டைப் பொத்தான் மாதிரி இரண்டு சுவரையும் அது இறுக்கிப் பிடிக்கும். நடு ஓட்டை 15 அல்லது 20 மில்லிமீட்டர். நீல தண்ணீர் இரைப்பைக்குள் கொட்டினால் வேலை முடிந்தது என்று அர்த்தம்!

பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் கஞ்சி, அப்புறம் குழைந்த சாதம். ஆபரேஷனைத் தாங்காத புற்றுநோயாளிக்கு இது பெரிய விஷயம். நோய் போகாது. ஆனால் இருக்கிற நாளில் வாயால் சாப்பிடலாம் இல்லையா?

அடைப்புக்குள்ளேயே வலைக்குழாய் வைக்கும் பழைய முறையும் உண்டு. அதில் கட்டி வலைக்குள் வளர்ந்து மறுபடி அடைத்துவிடும். ஹாங்காங் டாக்டர்கள் தலைமையில் நடந்து 2024-ல் வெளியான ஆய்வில், புது பாதை போட்டவர்களுக்கு மறு சிகிச்சை ரொம்ப குறைவாகவே தேவைப்பட்டது.

எல்லாருக்கும் ஒத்துவராது

வயிற்றில் நீர் கோர்த்திருந்தால் சிக்கல். வளையம் இடம் தவறினால் கசிவு வந்து, ஆபரேஷன் வரைக்கும் போகலாம். கைதேர்ந்த டாக்டர் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில்தான் செய்ய முடியும். வளையத்தின் விலையும் அதிகம். காப்பீட்டு அட்டை இருந்தால் இதற்குச் செல்லுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

அல்சர் தழும்பு, ஆசிட் சுருக்கம் என்றால் முதலில் பலூன்தான். கொஞ்சம் கொஞ்சமாக ஊதி வாசலை விரிப்பார்கள். ஒரு தடவையில் முடியாது, பல தடவை போக வேண்டும். அல்சருக்கு காரணமான ஹெலிகோபாக்டர் கிருமிக்கு மாத்திரையும் சாப்பிட வேண்டும். இந்தக் கிருமியைக் கண்டுபிடித்த இரண்டு ஆஸ்திரேலிய டாக்டர்களுக்கு 2005-ல் நோபல் பரிசே கிடைத்தது.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது, எந்த வேளை சாப்பிட்டது எந்த வேளை வாந்தியாக வந்தது என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போனால், அவருக்கு பாதி வேலை மிச்சம்.