வீட்டு மின்சாரப் பெட்டியின் அளவு

நீலகிரியில் 1932-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையத்தின் பெயர், மதுரையில் பசுமலைப் பக்கத்துப் பகுதியொன்றுக்கும் பெயராய் வழங்கி வருகிறது. இரண்டொரு விளக்கு மட்டும் எரிந்த காலத்தில் மரப்பலகையும் பியூஸ் கட்டைகளும் போதுமாயிருந்தன. இன்றோ நெசவாளர் இல்லங்களில் கிரைண்டரும் தண்ணீர் மோட்டாரும் தார் சுற்றும் இயந்திரமும் இயங்குகின்றன. பெட்டியை மட்டும் விலை பார்த்து வாங்குகிறோம்!

அங்கத்தினர்கள் கடைக்குப் போகுமுன் ஒரு சிறு கணக்குப் போடுதல் நலம். பெட்டியினுள் ஒற்றை எம்.சி.பி. சுமார் 18 மி.மீ. அகலமுள்ள ஓரிடத்தை அடைக்கும். மெயின் சுவிட்சுக்கு 2 இடம். மின்கசிவு கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.க்கு 2 இடம். விளக்கு, விசிறிகளுக்கு இரண்டு வழி. சமையலறை, தண்ணீர் மோட்டார், தார் இயந்திரம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே ஒவ்வொன்று. ஆக 9 இடம். 8 இடப் பெட்டி போதாது; 12 இடப் பெட்டி வாங்கினால் மூன்று மிஞ்சும். அது வீணன்று, மகன் தனிக்குடித்தனம் வைக்கையில் உதவும். மெயினுக்குரிய இடத்தைச் சில தயாரிப்பாளர் 'வழி'க் கணக்கில் சேர்ப்பர், சிலர் சேர்ப்பதில்லை. ஆதலால் மூடியைத் திறந்து எண்ணிப் பார்த்தே வாங்குக.

சுவரில் பதிக்கும் சுவிட்சுப் பெட்டிக்கு ஆழமே முக்கியம். அமெரிக்க விதிப்படி, நமது 2.5 சதுர மி.மீ. கம்பியைவிடச் சற்றுப் பருமனான 12-ஆம் எண் கம்பி ஒவ்வொன்றுக்கும் சுமார் 37 கன செ.மீ. இடம் வேண்டும். நான்கு கம்பி, எர்த் கம்பிகளுக்கு ஒன்று, ஒரே தகட்டில் அமைந்த சுவிட்சு-பிளக் பாயிண்டுக்கு இரண்டு என ஏழு பங்கு, அதாவது 259. உள்ளளவு 75 மி.மீ. சதுரப் பெட்டி 40 மி.மீ. ஆழமாயின் 225 மட்டுமே, 50 மி.மீ. ஆயின் 281. அவ்விதி நம்மைக் கட்டுப்படுத்தாதெனினும் கணக்கு நமக்கும் பொருந்தும். நெருக்கித் திணித்த கம்பியின் மேலுறை நசுங்கும், திருகு தளரும், தளர்ந்த இடம் சூடேறும். சித்திரை வெயிலில், பஞ்சுத்தூசு படிந்த தறிவீட்டில், அச்சூடு நூல் முழுவதையும் பற்றிக்கொள்ளப் போதுமானது.

பெட்டியின் கீழ்ப் பாவையும் சிட்டங்களையும் அடுக்கலாகாது. உரிமம் பெற்ற வயர்மேனிடம், பயன்படாத துளைகளை மூடச் சொல்லுங்கள். வயல் மோட்டாருக்குரிய ஸ்டார்ட்டர் பெட்டி கிணற்றடியிலேயே தனியாக இருக்கட்டும். வீட்டுப் பெட்டியிலிருந்து அதற்குக் கம்பி இழுக்க வேண்டாம்.